ரெய்டுக்கு மறுநாள்

அமெரிக்காவில் ஏதாவதொரு சிற்றூர்க் காவல் துறையின் முகநூல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேசை மேல் பொட்டலங்கள், எண்ணி அடுக்கிய பணக்கட்டு, ஒன்றிரண்டு துப்பாக்கி, பின்னால் மார்பு நிமிர்த்தி நிற்கும் அதிகாரிகள். நம்மூர்ப் பத்திரிகையில் கஞ்சா மூட்டைகளோடு தனிப்படையினர் நிற்கும் படத்துக்கும் இதற்கும் சட்டை நிறம்தான் வித்தியாசம். கீழே ஊரே கூடிக் கைதட்டியிருக்கும். விஷத்தை அகற்றியாயிற்று, இன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம் என்பது அந்தக் கைதட்டலின் பொருள்.

அதற்குப் பின்னால் ஒரு முழுக் கருத்தே இருக்கிறது. ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணிகளும் அவற்றின் செயற்கை வாரிசான ஃபென்டனிலும் ஊர் ஊராகச் சூறையாடிய தேசத்தில், அதிகம் பாதிக்கப்பட்டவர் உள்ளூர்ப் போலீஸ்காரர்தானாம். திருடனைப் பிடிக்க வேண்டியவரை மூக்கில் மருந்து பீய்ச்சும் தாதியாக்கிவிட்டார்களாம். தொட்டாலே கொல்லும் தூளின் நடுவே நிறுத்திவிட்டு, கைகளையும் கட்டிப்போட்டார்களாம். கட்டை அவிழ்த்துவிடுங்கள், பிடித்து உள்ளே போடட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். நம்மூர் டீக்கடையில் 'சிங்கப்பூர் மாதிரி நாலு பேரைத் தூக்கில் போட்டால்' என்று தொடங்கும் பேச்சு இதன் தம்பி.

இதில் ஒரு பாதியை நான் மறுக்கவில்லை. சுமை உண்மை. 2022இல் அமெரிக்காவில் போதைப் பொருள் ஓவர்டோஸில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,08,000 பேர். அவர்களில் நான்கில் மூவரின் உடலில் ஓபியாய்டு இருந்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனில் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. அங்கே 2016 ஆகஸ்ட் 15 அன்று பிற்பகல் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழ, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போலீஸ் காரும் வீடு வீடாக ஓடின. இப்படிப்பட்ட ஊரில் வேலை பார்க்கும் காவலர் இரவில் தூங்குகிறாரா என்று கேட்பது நியாயமான கேள்வி. அவருக்குச் சொல்லும் வைத்தியம்தான் தவறு. 'இன்னும் பிடி, இன்னும் அடை' என்ற அந்த வைத்தியம் சாவுகளைக் கூட்டுகிறது. கூடிய சாவுகள் திரும்ப அதே காவலர் தலையில் வந்து விழுகின்றன.

தொடக்கத்திலிருந்தே வருவோம். இந்தப் பிரளயம் தெருமுனையில் பொட்டலம் விற்றவனிடமிருந்து கிளம்பவில்லை. 1996இல் பர்டூ ஃபார்மா ஆக்சிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று சொல்லி டாக்டர்களிடம் தள்ளியது. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஒரு குக்கிராமம், 400 பேர் இருந்தால் அதிகம். அங்கிருந்த ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் வந்து இறங்கின. இதைத் தோண்டியெடுத்த எரிக் அயர் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளருக்கு 2017இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த மாத்திரைகளைக் கொண்டுவந்த லாரிக்கு ரசீது இருந்தது. விற்ற கடைக்கு உரிமம் இருந்தது. எழுதிக் கொடுத்த டாக்டரின் கையெழுத்து இருந்தது. கிராமத்துக் காவலர் யார் கையில் விலங்கு மாட்டுவார்? 2007இல் பர்டூ நிறுவனமும் அதன் உயர் அதிகாரிகள் மூவரும் மருந்தைப் பற்றித் தவறான தகவல் பரப்பிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 60 கோடி டாலருக்கு மேல் அபராதம். மூவரில் ஒருவரும் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. அதே ஆண்டுகளில் ஐந்து மாத்திரையைப் பையில் வைத்திருந்தவர்கள் லாக்கப்பை நிறைத்துக்கொண்டிருந்தார்கள். கடுமை போதவில்லை என்று புலம்புகிறவர்கள் அது யாரிடம் போதவில்லை என்று மட்டும் சொல்வதே இல்லை.

பிறகு இறுக்கினார்கள். 2010இல் எளிதில் பொடிக்க முடியாதபடி ஆக்சிகான்டினின் வடிவத்தை மாற்றினார்கள். கேட்டவருக்கெல்லாம் மாத்திரை எழுதித் தந்த கிளினிக்குகளை மூடினார்கள். மாத்திரைக்குப் பழகிய உடம்பு மட்டும் அப்படியே இருந்தது, அது ஹெராயினுக்குப் போனது. ஹெராயினால் இறந்தவர்கள் 2010இல் ஏறக்குறைய 3,000 பேர். 2015இல் ஏறக்குறைய 13,000. ஹெராயினைத் துரத்தினார்கள். 2013 வாக்கில் ஃபென்டனில் புகுந்தது. கடத்துகிறவனின் கணக்கு எளியது: பிடிபடும் ஆபத்து கூடக்கூட, கொஞ்ச இடத்தில் அதிக வீரியம் உள்ள சரக்குதான் கட்டுபடியாகும். ஹெராயினைப்போல ஐம்பது மடங்கு வீரியம் கொண்ட ஃபென்டனிலை ஒரு தபால் உறையில் அனுப்பலாம். 1920களில் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது பீப்பாய் பீர் பின்தங்கி, பாட்டில் சாராயம் முன்னுக்கு வந்ததும் இதே கணக்கால்தான். நம்மூர்க் கள்ளச்சாராயக் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது பழங்கதை, இன்றைய ரெய்டால் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். இண்டியானாபொலிஸ் நகரத்துக் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அந்நகரப் போலீஸ் எந்த நாளில், எந்த இடத்தில் போதைச் சரக்கைப் பறிமுதல் செய்தது என்ற பதிவை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். எந்த நாளில், எந்த இடத்தில் ஓவர்டோஸ் நடந்தது என்ற பதிவை அதன் பக்கத்தில் வைத்தார்கள். முடிவு 2023இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வந்தது. ஓபியாய்டு சரக்கு பிடிபட்ட இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள், அடுத்த ஏழு நாட்களில், ஓவர்டோஸ் சாவுகள் தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைப்போல இரண்டு மடங்கு. நூறு மீட்டர், இருநூற்றைம்பது மீட்டர் என்று வட்டத்தைச் சுருக்கினாலும், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று காலத்தை நீட்டினாலும் ஓவர்டோஸ்கள் அதேபோல ரெய்டைச் சுற்றியே குவிந்து கிடந்தன.

ஏன் இப்படி? போதைப் பழக்கம் உள்ளவரோடு ஒரு வாரம் இருந்து பார்த்தவர்களுக்குப் புரியும். தினமும் ஒரே ஆளிடம் வாங்குகிறவருக்கு அந்தச் சரக்கின் வீரியம் உடம்பால் தெரியும். எவ்வளவு எடுத்தால் நிற்கலாம், எவ்வளவு எடுத்தால் விழுவோம் என்ற அளவு கைக்கு வந்திருக்கும். திங்கட்கிழமை அந்த விற்பனையாளரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது. அன்றிரவே உடம்பு முறுக்க ஆரம்பிக்கிறது: வாந்தி, பேதி, எலும்புக்குள் குத்தல், தூக்கமின்மை. ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கிறார். அதற்குள் உடம்பின் பழக்கம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. பிறகு யாரோ முன்பின் தெரியாத ஒருவனிடம், எதைக் கலந்தானோ எவ்வளவு கலந்தானோ தெரியாத பொடியை வாங்கி, பழைய அளவிலேயே எடுக்கிறார். இரண்டு மில்லிகிராம் ஃபென்டனில் ஆளைக் கொல்லப் போதும். மேசைப் படத்துக்குக் கைதட்டல் ஓய்வதற்குள் பக்கத்துத் தெருவில் ஆம்புலன்ஸ் நிற்கிறது.

ரெய்டும் சாவும் அக்கம்பக்கத்தில் நடந்தன என்றுதான் இண்டியானாபொலிஸ் ஆய்வு காட்டுகிறது, ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று நிரூபிக்கவில்லையே என்று ஒருவர் எழுந்து நிற்பார். நிற்கட்டும், முறைப்படி அது சரியான ஆட்சேபம். ஆனால் அவர் தன் தரப்புக்கு என்ன கொண்டுவந்திருக்கிறார்? ரெய்டால் சாவு குறைந்தது என்று காட்ட வேண்டிய கடமை ரெய்டு நடத்துகிறவருக்குத்தானே? 2017இல் பியூ அறக்கட்டளை ஐம்பது மாநிலங்களின் புள்ளிவிவரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. போதை வழக்கில் சிறைக்குப் போகிறவர்களின் விகிதத்துக்கும், போதைப் பயன்பாட்டுக்கோ ஓவர்டோஸ் சாவுக்கோ ஒரு தொடர்பும் அதற்குக் கிடைக்கவில்லை. நியூ ஜெர்சியைவிட மூன்று மடங்குக்கும் மேலான விகிதத்தில் டென்னசி ஆட்களை உள்ளே தள்ளியது. இரண்டு மாநிலத்திலும் போதைப் பழக்கம் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

சிறை என்று வந்துவிட்டதால் அங்கேயும் எட்டிப் பார்த்துவிடுவோம். உள்ளே போட்டால் பழக்கம் போய்விடும் என்பது பாமர நம்பிக்கை. போவது பழக்கமல்ல, அந்த அளவைத் தாங்கும் உடம்பின் சக்தி. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வு, விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் ஓவர்டோஸில் சாகும் ஆபத்து மற்றவர்களுக்கு உள்ளதைப்போல 129 மடங்கு என்றது. வட கரோலினாவில் பிறகு நடந்த ஆய்வில் ஓபியாய்டு சாவுக்கு மட்டும் 40 மடங்கு. நீதிபதி ஆறு மாதம் என்று எழுதும்போது அதன் கீழே பலருக்கு மரண தண்டனை என்று படிக்க முடியாத எழுத்தில் எழுதியிருக்கிறது.

இதை மாற்ற முடியாதா? ரோட் ஐலண்ட் மாநிலம் மாற்றியது. 2016 முதல் அங்கே சிறைக்குள்ளேயே ஓபியாய்டு ஏக்கத்தைத் தணிக்கும் மெதடோன், புப்ரினார்ஃபின் போன்ற மருந்துகள் கொடுத்தார்கள். வெளியே போன பிறகும் தொடர வழி செய்தார்கள். 2016இன் முதல் ஆறு மாதத்தில் ஓவர்டோஸில் இறந்தவர்களில் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள் 26 பேர். 2017இன் அதே ஆறு மாதத்தில் 9 பேர். மாசசூசெட்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஃப்ராங்க்ளின், ஹாம்ப்ஷயர் என்ற இரண்டு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை), ஃப்ராங்க்ளின் சிறை புப்ரினார்ஃபின் கொடுத்தது, ஹாம்ப்ஷயர் சில ஆண்டுகள் தாமதித்தது. அந்த ஆண்டுகளில் வெளியே வந்த ஓபியாய்டு பழக்கத்தினரில் மீண்டும் குற்ற வழக்கில் சிக்கியவர்கள் ஹாம்ப்ஷயரில் 63 விழுக்காடு, ஃப்ராங்க்ளினில் 48. மருந்து கொடுத்தால் போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே என்று முகம் சுளிப்பவர்கள் இந்த 15 விழுக்காட்டைப் போலீஸ்காரர் கண்ணால் பார்க்க வேண்டும். அத்தனை வழக்குகள் அவர் மேசைக்கு வரவே இல்லை.

இனி, தொட்டாலே கொல்லும் தூள். காவலர்கள் நம்பும் கதை என்பதாலும், அவர்களையே அதிகம் வதைப்பதாலும் கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம் இது. 2016இல் அமெரிக்கப் போதைப் பொருள் தடுப்பு முகமை, ஃபென்டனில் தோலில் பட்டாலோ காற்றில் வந்தாலோ உயிருக்கு ஆபத்து என்று காவல் துறைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. 2017 மே மாதம் ஒஹாயோவின் ஈஸ்ட் லிவர்பூலில் ஓர் அதிகாரி சட்டையில் ஒட்டியிருந்த தூளைக் கையால் தட்டிவிட்டு மயங்கி விழுந்தார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. 2021இல் சான் டியேகோ ஷெரிஃப் அலுவலகம் இதேபோன்ற ஒரு காட்சியைப் படமாக்கியே வெளியிட்டது. அதன் பிறகு இது வேதவாக்காகிவிட்டது.

அறிவியல் என்ன சொல்கிறது? ஃபென்டனில் 1960 வாக்கில் உருவான மருந்து. உலகெங்கும், நம்மூர் அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரிலும்கூட, மயக்க மருந்து நிபுணர்கள் தினம் அதன் ஆம்ப்யூலை உடைக்கிறார்கள். கையில் சிந்தினால் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். புற்றுநோயாளிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டையைச் செய்ய மருந்துக் கம்பெனிகள் பாடுபட்டதே, அந்த மருந்து தோல் வழியாக எளிதில் உள்ளே போகாது என்பதால்தான். ஒட்டிய பிறகும் அது மணிக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கும். 2017இல் அமெரிக்க நச்சியல் மருத்துவர்களின் இரண்டு சங்கங்கள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. இரண்டு உள்ளங்கையையும் அத்தகைய பட்டைகளால் முழுக்க மூடினாலும் 100 மைக்ரோகிராம் உள்ளே போக ஏறக்குறைய 14 நிமிடமாகும். உலர்ந்த தூள் அந்த அளவுக்கும் ஊடுருவாது. மருந்துத் தொழிற்சாலையில் பதிவான மிக மோசமான காற்றிலேயே முகமூடி இல்லாமல் நின்றாலும் அந்த அளவை எட்ட 200 நிமிடம் மூச்சிழுக்க வேண்டும்.

விழுந்த அதிகாரிகள் நடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓபியாய்டு நஞ்சேறினால் மூச்சு மெதுவாகி நிற்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், ஆள் அமைதியாக உறங்கிவிடுவார். செய்திகளில் வரும் அதிகாரிகளுக்கோ பெரும்பாலும் இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. இவை அச்சத்தின் அறிகுறிகள், அச்சமும் உண்மையான வேதனைதான். ஆனால் அந்த அச்சத்தை ஊட்டியது யார்? தன் காவலர்களைக் காப்பதாகச் சொல்லி அவர்களுக்குப் பொய்ப் பீதியைப் பயிற்சியாகக் கொடுத்த அமைப்பே அல்லவா? அதன் விலையை இன்னொருவரும் கொடுக்கிறார். மூச்சு நின்று தரையில் கிடப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் மூளை செத்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் கையுறையும் முகமூடியும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் ஃப்ளோரிடா ஒரு படி மேலே போய், காவலரையோ மருத்துவ உதவியாளரையோ பொறுப்பின்றி ஃபென்டனிலுக்கு ஆளாக்கி அவருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தால் அது பெருங்குற்றம் என்று சட்டமே இயற்றிவிட்டது. மயங்கிக் கிடக்கும் நண்பனுக்காகப் போன் செய்ய நினைப்பவன் இனி இதையும் நினைத்துத் தயங்கக்கூடும். போன் செய்தால் தன்னையே பிடிப்பார்கள் என்ற பயம் ஆளைக் கொல்கிறது என்பதால்தான் 2007இல் நியூ மெக்சிகோ தொடங்கிப் பல மாநிலங்கள் உதவிக்கு அழைப்பவரை வழக்கிலிருந்து காக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன. ஒரு கை திறந்துவிட்ட கதவை இன்னொரு கை சாத்துகிறது.

தாதி வேலை என்ற புகாருக்கு வருகிறேன். ஒஹாயோவின் பட்லர் கவுண்டி ஷெரிஃப் ரிச்சர்ட் ஜோன்ஸ், தன் ஆட்கள் நலோக்சோனைக் கையில் எடுக்க மாட்டார்கள் என்று 2017இல் வெளிப்படையாகவே அறிவித்தார். மூக்கில் பீய்ச்சினால் ஓபியாய்டு மயக்கத்தைச் சில நிமிடங்களில் முறிக்கும் மருந்து அது. விழித்தெழுபவர்கள் முரட்டுத்தனமாக நடப்பார்கள், தன் ஆட்களுக்கு ஆபத்து என்பது அவர் வாதம். அதே கவுண்டியில் மிடில்டவுன் நகர்மன்ற உறுப்பினர் ஒருவர், ஒரே ஆள் மூன்றாம் முறை விழுந்தால் ஆம்புலன்ஸே அனுப்ப வேண்டாம் என்று யோசனை சொன்னார். காப்பாற்றிக் காப்பாற்றிப் பலன் என்ன, அடுத்த வாரமே திரும்ப விழுகிறார்களே என்ற சலிப்பு இதற்கு அடியில் இருக்கிறது.

அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது, கணக்குதான் புரியவில்லை. மாசசூசெட்ஸில் ஓவர்டோஸிலிருந்து மீண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய இருபதில் ஒருவர். பயங்கரமான எண்தான். ஆனால் மீதிப் பத்தொன்பது பேர் ஓராண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். எந்தப் போலீஸ் நடவடிக்கைக்கு இப்படி ஒரு விளைச்சல் உண்டு? கார் விபத்தில் மூன்றாம் முறை அடிபட்டவரைச் சாலையிலேயே விட்டுவிடலாம் என்று எந்த நகர்மன்றமும் பேசுவதில்லை.

இன்னொன்று. அதே மாசசூசெட்ஸில் குவின்சி நகரக் காவல் துறை 2010லேயே தன் ரோந்துக் காவலர்கள் எல்லோர் கையிலும் நலோக்சோனைக் கொடுத்துவிட்டது. நாட்டில் முதலில் செய்தது அதுதான். அந்த யோசனையை முன்னின்று நடத்தியவர்கள் போதைத் தடுப்புப் பிரிவு அதிகாரிகளே. 2015இல் மீன்பிடி ஊரான குளோஸ்டரின் காவல் தலைவர் லியனார்ட் கம்பனெல்லோ, யார் வேண்டுமானாலும் மிச்சமுள்ள சரக்கோடும் ஊசியோடும் ஸ்டேஷனுக்கு வாருங்கள், வழக்குப் போட மாட்டோம், சிகிச்சைக்கு அனுப்பிவைக்கிறோம் என்று அறிவித்தார். முதல் ஆண்டில் 376 பேர் போலீஸ் ஸ்டேஷன் வாசலைத் தாங்களே மிதித்தார்கள். போலீஸைக் கண்டாலே ஓடுகிறவர்கள். பிறகு நூற்றுக்கணக்கான காவல் துறைகள் இந்த வழியைப் பல வடிவங்களில் எடுத்துக்கொண்டன. ஹன்டிங்டனின் அந்த ஆகஸ்ட் நாளில் பிழைத்தவர்களில் ஒருவர்கூடச் சிகிச்சைக்கு வழிகாட்டப்படவில்லை என்பது பின்னர் தெரிந்தது. அந்நகரம் 2017 டிசம்பரில் ஒரு குழுவை அமைத்தது: மருத்துவ உதவியாளர், போதையிலிருந்து மீள உதவுபவர், மதபோதகர், சீருடை இல்லாத ஒரு போலீஸ்காரர். யாராவது ஓவர்டோஸாகிப் பிழைத்தால் 72 மணி நேரத்துக்குள் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அடுத்த ஆண்டே ஓவர்டோஸ் அழைப்புகள் ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தன. அந்தக் குழு மட்டுமே காரணமல்ல. ஆனால் கைதுகளைக் குவித்து இந்த எண்ணை எட்டிய ஊர் எது?

ஓரிகன் என்பார்கள் உடனே. சரி, பேசுவோம். 2020இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து, சொந்தப் பயனுக்கு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2024இல் சட்டமன்றம் அதைத் திரும்பக் குற்றமாக்கியது, செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பார்த்தீர்களா, தோற்றுவிட்டது என்கிறார்கள். தோற்றது எது? கைதை நிறுத்தினார்கள், அதற்குப் பதிலாக 100 டாலர் அபராதச் சீட்டும், அழைத்தால் அபராதம் தள்ளுபடியாகும் ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். சீட்டைப் பலர் கிழித்துப் போட்டார்கள். சிகிச்சைக்கென்று ஒதுக்கிய பணம் அலுவலகங்களில் தேங்கி நின்றது. சரியாக அதே மாதங்களில் ஃபென்டனில் மேற்குக் கடற்கரையை வந்தடைந்தது. அந்த வருகையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த 2024ஆம் ஆண்டு ஆய்வு, சட்டமாற்றத்துக்கும் சாவு உயர்வுக்கும் தொடர்பில்லை என்றது. போர்ட்லாண்ட் நடைபாதைகள் பார்க்கச் சகிக்காமல் போனது உண்மை, மக்கள் கோபமும் நியாயம். கைதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். குளோஸ்டரில் கைதுக்குப் பதிலாக அன்றைக்கே ஒரு படுக்கை காத்திருந்தது.

சிங்கப்பூரையும் விட்டுவைக்க வேண்டாம், ஏனென்றால் அந்தக் கயிற்றில் தொங்கியவர்களில் நம்மவர்கள் உண்டு. 2022 ஏப்ரலில் மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கத்தை 43 கிராமுக்கும் குறைவான ஹெராயினுக்காகத் தூக்கிலிட்டார்கள். தொடையில் கட்டி எல்லை கடந்த குருவி அவர். அறிவுத்திறன் அளவை (ஐ.க்யூ.) 69 என்று மதிப்பிடப்பட்டவர். அனுப்பியவன் கயிற்றுக்குக் கீழே நிற்கவில்லை. சில நுழைவாயில்களைக் காத்தால் போதுமான தீவு நகரத்தின் வழக்கத்தை, மருந்துக்கடை வழியாகவே கோடிக்கணக்கான மாத்திரை பாய்ந்த ஒரு கண்டத்துக்குச் சிபாரிசு செய்பவர்கள் வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வலுவான வாதம் மிச்சமிருக்கிறது. 2024இல் அமெரிக்க ஓவர்டோஸ் சாவு ஏறக்குறைய 80,000ஆக இறங்கியது. இவ்வளவு பெரிய சரிவு அதற்கு முன் கண்டதில்லை. சரக்கு வரத்து குறைந்ததும் வீரியம் குறைந்ததும்தான் காரணம், ஆகவே கெடுபிடி வென்றது என்கிறார்கள். நலோக்சோன் பரவியது, சிகிச்சை எளிதானது, சாகக்கூடியவர்கள் பலர் ஏற்கெனவே செத்துப்போனார்கள் என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன, விவாதம் ஓயவில்லை. வரத்துதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். கனடாவிலும் அதே காலத்தில் சாவு குறைந்தது. இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் குறைந்தால் அதன் வேர் மூல இரசாயனம் விற்கும் இடத்திலும் கலக்கும் இடத்திலும் இருக்க வேண்டும். ஒஹாயோ தெருமுனையில் ஐந்து பொட்டலம் பிடித்த காவலர் அதற்குப் பெருமை கொண்டாட முடியாது. கப்பலில் வரும் இரசாயனத்தைத் தடுப்பது வேறு, தெருவில் வாங்கித் தின்பவனைத் தடுப்பது வேறு. முதலாவதை நான் எதிர்க்கவில்லை.

தெருவில் நடப்பதன் அளவைச் சொல்கிறேன். 2019இல் அமெரிக்கா முழுவதும் போதைப் பொருளுக்காக நடந்த கைதுகள் 15 லட்சத்துக்கும் மேல்; பத்தில் எட்டுக்கு மேல் வெறுமனே வைத்திருந்ததற்காக. ஒவ்வொரு கைதுக்கும் ரோந்துக் காவலர் மணிக்கணக்கில் காகிதம் எழுதுகிறார், சரக்கைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிக் காத்திருக்கிறார், நீதிமன்றத்தில் நிற்கிறார். அதே நாட்டில் கொலை வழக்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் துப்புத் துலங்காமல் கிடக்கின்றன. மகனைச் சுட்டுக் கொன்றவன் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு, போலீஸின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்ற வாதம் வேறு மாதிரிக் கேட்கும். கட்டியது யார் என்று அவர் கேட்டால் பொட்டலக் கணக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

இது வெறும் வாய்ச்சண்டையாக இருந்திருந்தால் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். மாத்திரை செய்தவர்களும் விநியோகித்தவர்களும் வழக்குகளைத் தீர்க்கக் கொடுக்க ஒப்புக்கொண்ட 50 பில்லியன் டாலருக்கும் மேலான பணம், தவணை தவணையாக மாநிலங்களுக்கும் கவுண்டிகளுக்கும் இப்போது வந்துகொண்டிருக்கிறது. ஷெரிஃப் ஒரு பக்கம், சுகாதார அதிகாரி ஒரு பக்கம் என்று கவுண்டிக் கூட்டங்களில் அதற்காக இழுபறி நடக்கிறது. சில இடங்களில் ரோந்துக் காரும் உடம்பை ஊடுருவிப் பார்க்கும் சிறை ஸ்கேனரும் வாங்கியாயிற்று. போலீஸுக்கு ஒரு காசும் தராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஃப்ராங்க்ளினைப்போல மருந்து கொடுக்கும் சிறைக்குக் கொடுக்கட்டும். ஹன்டிங்டனில் கதவைத் தட்டப் போகும் அந்தச் சீருடையில்லாக் காவலரின் சம்பளத்துக்குக் கொடுக்கட்டும். புது ரோந்துக் காருக்குக் கையெழுத்துப் போடும் முன், சென்ற ஆண்டு ரெய்டு நடந்த தெருக்களின் பட்டியலையும் அதற்கடுத்த ஏழு நாட்களின் ஆம்புலன்ஸ் பதிவையும் ஷெரிஃபிடம் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.